சட்டிக்குள் ஆல்

மாடிக் கைப்பிடிச் சுவரும் மழைநீர்க் குழாயும் சேரும் மூலையில் விரல் நுழையாத ஒரு விரிசல். அதில் ஓர் ஆலங்கன்று, அரை அடி உயரம், ஏழே இலை. வெள்ளையடிப்பதற்கு முன் பூச்சு வேலைக்கு வந்த கொத்தனார் பார்த்தவுடன் சொன்னார்: "இத வேரோட எடுக்கலேன்னா செவுரு போயிரும் சார்." உளியை வைத்துப் பூச்சைப் பெயர்த்தார். செங்கலுக்கும் பூச்சுக்கும் நடுவே வேர் நாடாபோலத் தட்டையாகி மூன்றடி தூரம் ஓடியிருந்தது. தண்டின் அடி மட்டும் சின்ன முள்ளங்கி கனத்துக்குப் பருத்திருந்தது. அந்த மூலையில் மண் என்று சொல்ல ஒரு பிடி தூசிதான் இருந்தது. மே மாதத்து வெயிலில், சுடுகிற சுவரில், யாரும் தண்ணீர் ஊற்றாமல் அந்தக் கன்று குறைந்தது இரண்டு கோடைகளைக் கடந்திருக்க வேண்டும்.

அதைச் சட்டிக்கு மாற்றியதிலிருந்துதான் எனக்கு இந்த வேலையில் ஈடுபாடு வந்தது. ஆலும் அரசும் இச்சியும் போன்சாயாக வளர ஏற்றவையா, வளர்ப்பதென்றால் எந்த முறையில் என்ற கேள்வி அன்றிலிருந்து கூடவே வருகிறது.

போன்சாய் என்றதும் மனதில் வருவது ஜப்பானியப் பைன். கையில் கிடைக்கும் புத்தகங்களிலும் காணொளிகளிலும் பாதிக்கு மேல் பைனையும் மேப்பிளையும் ஜூனிப்பரையும் வைத்துச் சொல்லப்பட்டவை. பனி பெய்யும் நாட்டு மரத்துக்கு எழுதிய கால அட்டவணையைப் பார்த்து ஆலுக்கு வேரை வெட்டுகிறோம். செடி போய்விடுகிறது. "நமக்கு ராசி இல்லை" என்று சட்டியைக் கவிழ்த்துவிடுகிறோம். ராசிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆலின் குடும்பத்துக்கு வேறு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு நம் ஊர்ச் சுவரிலேயே எழுதியிருக்கிறது என்பதுதான் என் கட்சி.

கலையின் வரலாறு கிழக்காசியாவினுடையது, அதில் சந்தேகம் வேண்டாம். சீனாவில் 706ஆம் ஆண்டைச் சேர்ந்த சாங்ஹுவாய் இளவரசரின் கல்லறைச் சுவரோவியத்தில் பணியாளர்கள் தட்டில் வைத்த சிறு செடிகளை ஏந்தி நிற்கிறார்கள். ஜப்பானில் 1309இல் வரையப்பட்ட கசுகா கோயிலின் படச்சுருளில் தட்டில் வளரும் மரங்கள் தெரிகின்றன. 1923 நிலநடுக்கத்தில் தோக்கியோவின் தோட்டக்காரர்கள் இடம் இழந்து வடக்கே போய், 1925இல் ஓமியாவில் போன்சாய் கிராமத்தை அமைத்தார்கள். இன்று உலகம் முழுதும் படிக்கப்படும் விதிகளில் பெரும்பகுதி அந்த மரபின் கையிலிருந்து வந்தவை. ஆனால் அந்த மரபில் ஆலினத்துக்கு இடம் குறைவு. ஜப்பானின் பெரும்பகுதியில் குளிர் தாங்காது. தெற்கே ஓகினாவா தீவுகளில் இச்சி தானாக வளர்கிறது. அங்கே அதற்குக் கஜுமாரு என்று பெயர். அதை மரமாகவும் சட்டியிலும் முழு மனதோடு வளர்த்துப் பார்த்தவர்கள் தைவான்காரர்கள். பின்னால் இந்தோனேசியா, இந்தியா, தென்னாப்பிரிக்கா. இத்தாலியின் பராபியாகோ ஊரில் உள்ள கிரெஸ்பி அருங்காட்சியகத்தின் நடுநாயகமும் ஓர் ஆலின மரம்தான். ஆயிரம் வயது என்று சொல்கிறார்கள். வயதை ஒரு பக்கம் வைத்தாலும், அதன் அடிவேரின் அகலத்தைப் படத்தில் பார்த்தாலே கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

எந்த மரம் என்பதில் முதலில் ஒரு தெளிவு வேண்டும். இந்தப் பேரினத்தில் உலகெங்கும் 800க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. நம் பக்கத்தில் நாம் பெயர் சொல்லி அறிந்தவை ஆல், அரசு, அத்தி, இச்சி, இத்தி, கல்லால், குருகு. இதில் பின்னால் சொன்ன நான்கின் பெயர்களும் மாவட்டத்துக்கு மாவட்டம் இடம் மாறும். ஓரூரில் கல்லிச்சி என்பதை அடுத்த ஊரில் இத்தி என்பார்கள். நர்சரியில் கேட்டால் எல்லாமே "ஃபைகஸ்". ஆகவே பெயரை நம்பாமல் இலையைப் பார்த்து வாங்குவதே நல்லது.

என் அனுபவத்தில் முதல் மரியாதை இச்சிக்கு. தாவரவியலில் ஃபைகஸ் மைக்ரோகார்ப்பா. இலை சிறியது, பட்டை வெளிர்சாம்பல், வெட்டிய இடமெல்லாம் மொட்டு விடும், விழுது இறக்கும், வேர் பருக்கும். கடைகளில் "ஜின்செங் போன்சாய்" என்று விற்பது இதன் பருத்த வேர்தான். ஜின்செங் மூலிகைக்கும் அதற்கும் உறவு இல்லை. வேரின் தலையில் வேறொரு சிறிய இலை வகையை ஒட்டுக்கட்டி அனுப்புவார்கள். வாங்கலாம், தவறில்லை. ஆனால் ஒட்டுக்குக் கீழே முளைக்கும் கிளையின் இலையும் மேலே உள்ள இலையும் ஒன்றுபோல் இராது என்பதை அறிந்து வாங்க வேண்டும்.

ஆல் அடுத்தது. அதன் குறை இலையின் அளவு: மரத்தில் ஒரு சாண் வரை போகும். சட்டியில், நல்ல வெயிலில், இலை கிள்ளி வளர்த்தால் பாதிக்கும் கீழே வரும். இச்சியின் நேர்த்தி வராது. அதனால் ஆலைச் சிறிய சட்டியில் வைத்தால் கேலிச்சித்திரம்போல இருக்கும். இரண்டு அடிக்குக் குறையாத உயரமும் அதற்கேற்ற விரிவும் கொடுக்கத் தயாராக இருப்பவரே ஆலைத் தொட வேண்டும். அரசு இன்னும் கடினம். நீண்ட காம்பில் இலை தொங்குவதால் கிளையின் அடர்த்தி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மாசியில் இலை கொட்டிப் புதிய தளிர் செம்பு நிறத்தில் விரியும் ஒரு வாரத்துக்காகவே நான் ஓர் அரசை வைத்திருக்கிறேன். போத்து வெட்டி நட்டால் ஆல் சுலபமாக வேர்விடும், அரசு விடாது. விதைக் கன்றோ சுவர்க் கன்றோதான் அதற்கு வழி. சங்கமித்தை கொண்டுவந்த போதிக் கிளை அனுராதபுரத்தில் வேரூன்றியதை மகாவம்சம் ஓர் அற்புதமாகவே சொல்கிறது. அரசுக்குப் போத்து வைத்துத் தோற்றவர்களுக்கு அந்த வியப்பு நன்றாகப் புரியும்.

வெள்ளால் வகை, அதாவது அலுவலக வரவேற்பறைகளில் நிற்கும் ஃபைகஸ் பெஞ்சமினா, பார்க்க அழகு. ஆனால் ஒரு கிளையில் இலை ஒன்றுகூட விடாமல் வெட்டினால் அந்தக் கிளை பின்னோக்கிக் காய்ந்துபோகும். இடம் மாற்றினால் கோபித்துக்கொண்டு இலையைக் கொட்டும். பொறுமை உள்ளவர்களுக்கு. நாம் உலர்பழமாகத் தின்னும் சீமை அத்தியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இலை பெரிது, தண்டு மொத்தை, உள்ளே சோறு. பழம் பறிக்க ஆசை இருந்தால் பெரிய தொட்டியில் வையுங்கள், தட்டில் வேண்டாம்.

ஆலினம் ஏன் சட்டியைப் பொறுத்துக்கொள்கிறது? ஆலம் விதை ஒரு கடுகைவிடச் சிறியது. வெற்றி வேற்கை அதை மீன் சினையோடு ஒப்பிடுவது வெறும் அலங்காரம் அல்ல. காக்கையும் மைனாவும் குக்குறுவானும் பழத்தைத் தின்று எச்சமிட, விதை பனையின் மட்டை இடுக்கிலும் கோபுரத்துச் சுதைச் சிற்பத்தின் தோளிலும் போய் விழுகிறது. தரையில் விழுந்து மரமாவது குறைவு. வேர் மண்ணைத் தேடிச் சேரும்வரை, சில சமயம் பல ஆண்டுகள், இருக்கும் ஈரத்தைப் பருத்த வேரில் சேமித்து, வளர்ச்சியை ஒடுக்கி உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் பழக்கம் அதன் பிறவியிலேயே இருக்கிறது. பைனுக்கு ஆழமற்ற தட்டு ஒரு பயிற்சி. ஆலுக்கு அது பிறந்த வீட்டின் சாயல்.

இந்த ஒரு குணத்திலிருந்து பராமரிப்பின் பாதி விதிகள் கிளைக்கின்றன. வேருக்குக் காற்று வேண்டும். தண்ணீர் வந்து போக வேண்டும், தேங்கக் கூடாது. வெட்டினால் அஞ்சாது. வெயில் வேண்டும்.

இருந்தாலும் முதல் தவறு எல்லோரும் செய்வது ஒன்று உண்டு: பென்சில் கனமுள்ள கன்றை வாங்கி நேராகப் போன்சாய்த் தட்டில் நட்டுவிடுவது. தட்டில் தண்டு பருக்காது. பத்து வருடம் கழித்தும் அது பென்சிலாகவே இருக்கும். முதலில் மரம் வளர வேண்டும், பிறகு சிறுக்க வேண்டும். தரையிலோ, அரைப் பீப்பாயிலோ, ஒரு சிமெண்டுத் தொட்டியிலோ நட்டு மூன்று நான்கு ஆண்டுகள் ஓட விடுங்கள். நடும்போது வேருக்கு அடியில் ஒரு தட்டோடு வைத்தால் ஆணிவேர் கீழே இறங்காமல் சுற்றிலும் பரவும். பின்னால் அடிவேர் நட்சத்திரம்போல விரிந்து நிற்பதற்கு இந்த ஓடே காரணமாக இருக்கும். ஆறடி ஓடிய கிளையை ஒரே வெட்டில் அரை அடிக்குக் குறைக்க மனம் வராது. ஆனால் அந்தக் கிளையின் ஓட்டம்தான் அடித்தண்டைப் பருக்க வைத்தது. அதன் வேலை முடிந்தது. ஐந்தாறு விதைக் கன்றுகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டி வளர்ப்பதும் நல்ல வழி. ஆலினத்தில் தண்டும் வேரும் ஒன்றையொன்று தொட்டால் சேர்ந்துவிடும். மூன்று ஆண்டில் கட்டு மறைந்து ஒரே அடிமரமாகும்.

மண் கலவையைப் பற்றி ஆளுக்கொரு வேதம் உண்டு. ஜப்பானியர்கள் அகடாமா என்ற களிமண் மணியைப் பயன்படுத்துகிறார்கள். இங்கே இறக்குமதி செய்து வாங்கினால் சட்டியைவிட மண் விலை அதிகமாகும், தேவையும் இல்லை. சூளையில் நன்றாக வெந்த செங்கல்லை உடைத்துச் சலித்து, 3 முதல் 6 மில்லிமீட்டர் வரையுள்ள துண்டை எடுத்துக்கொள்கிறேன். அதில் இரண்டு பங்கு, கரடான மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. ஆற்று மணல் கிடைப்பது அரிதாகிவிட்டது. எம்-சாண்ட் போடுபவர்கள் அதன் தூசியைத் தண்ணீரில் அலசி நீக்கிய பிறகே போட வேண்டும். அந்தத் தூசி சட்டியின் அடியில் சிமெண்டுபோல் இறுகிவிடும். தென்னை நார்க்கழிவை அதிகம் சேர்ப்பது இன்றைய வழக்கம். மாடித் தோட்டத்துத் தக்காளிக்குச் சரி. போன்சாய்க்கு ஐப்பசி மழையில் அது ஊறிய துணியாகிவிடும்.

தண்ணீரில்தான் பெரும்பாலான மரங்கள் சாகின்றன. "தினம் ஒரு டம்ளர்" என்று அளவு சொல்லிக் கொடுப்பவர்கள்மேல் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. அளவு கிடையாது. மேல்மண்ணில் விரலை ஒரு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் குறைந்து உலரத் தொடங்கியிருந்தால், அடித்துளையில் வழியும்வரை ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி ஒரு முறை. சித்திரையில் காலையும் மாலையும் வேண்டியிருக்கும். கார்த்திகையில் ஒரு வாரம் சட்டியைத் தொடாமலும் இருக்கலாம். அடைமழைக் காலத்தில் சட்டியின் ஒரு பக்கத்துக்கு அடியில் மரக்கட்டை கொடுத்துச் சாய்த்து வைத்தால் நீர் வேகமாக வடியும். சென்னையின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு. சட்டியின் விளிம்பில் வெள்ளைப் படிவும், இலை நுனியில் பழுப்பும் வந்தால் அதுதான் காரணம். வீட்டுக் குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி கழித்துவிடும் நீரைச் சிக்கனம் என்று செடிக்கு ஊற்ற வேண்டாம், உப்பு அதில்தான் செறிவாக இருக்கிறது. மழைநீரை ஒரு டிரம்மில் பிடித்து வையுங்கள். மாதம் ஒரு முறை அதை வழிய வழிய ஊற்றினால் படிந்த உப்பு கழுவப்படும்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு கணக்கு சொன்னால் போதும். நடுப்பகல் வெயிலில் 1,00,000 லக்ஸ் அளவு ஒளி. நம் கண்ணுக்கு "நல்ல வெளிச்சம்" என்று தோன்றும் அறைக்குள் சில நூறுதான். கண் சமாளித்துக்கொள்கிறது, இலை சமாளிக்க முடியாது. வரவேற்பறையில் வைத்த ஆல் இலையைப் பெரிதாக்கும், கணுவை நீட்டும், உள்கிளைகளை உதிர்க்கும். நாம் கேட்பதற்கு நேர்மாறு. விருந்தாளி வரும்போது இரண்டு நாள் உள்ளே வைத்து அழகு பாருங்கள், பிறகு மாடிக்கு அனுப்பிவிடுங்கள். பனி கொட்டும் அமெரிக்க மாநிலமான மொன்டானாவில் ஜெர்ரி மைஸ்லிக் என்பவர் வீட்டுக்குள் விளக்கொளியில் ஆலினங்களை வளர்த்து, 2004இல் இந்த மரங்களுக்கென்றே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். வெயிலை விலை கொடுத்து உண்டாக்க வேண்டிய ஊரில் அவர் செய்ததைப் படித்தபோது, தலைக்குமேல் இலவசமாகக் கொட்டும் வெயிலை விட்டுவிட்டு மரத்தை ஷோ-கேசில் அடைக்கும் நம் வழக்கம் மனதை உறுத்தியது. கத்திரி வெயிலில் மட்டும் பச்சை வலை கட்டுங்கள். மரத்துக்கு இருப்பதைவிடச் சட்டிக்குள் வேகும் வேருக்குத்தான் அப்போது ஆபத்து.

இப்போது கால அட்டவணைக்கு வருகிறேன். முக்கியமான தவறு இங்கேதான் நடக்கிறது. குளிர்நாட்டு மரம் பனிக்காலத்தில் உறங்கி, மொட்டு வீங்கும் வசந்தத் தொடக்கத்தில் விழிக்கும். அதன் வேரை வெட்டி மண் மாற்ற அதுவே நேரம் என்று புத்தகம் சொல்லும். ஆரம்ப நாட்களில் அதை அப்படியே மொழிபெயர்த்து, "நம் குளிர்காலம் மார்கழி" என்று எண்ணி, ஒரு நல்ல இச்சியை மார்கழி நடுவில் பிடுங்கி மூன்றில் ஒரு பங்கு வேரைக் கழித்து நட்டேன். அது சாகவும் இல்லை, வளரவும் இல்லை. இலை அசையாமல் அப்படியே நின்றது. நான் கவலையில் தண்ணீர் ஊற்றினேன். வெட்டிய வேருக்குக் குடிக்க வாயில்லை. மாசிக் கடைசியில் சட்டியைத் தட்டிப் பார்த்தபோது அழுகல் நாற்றம் முகத்தில் அடித்தது. பத்து ஆண்டு மரம்.

ஆலினத்துக்கு உறக்கம் என்று தனியே ஒரு பருவம் இல்லை. வெப்பமும் காற்றில் ஈரமும் சேர்ந்து கிடைக்கும்போதுதான் அதன் வேர் வேகமாகப் புதுப்பிக்கும். 15 டிகிரிக்குக் கீழே அதற்கு வேலை ஓடாது. ஆகவே நம் சமவெளியில் வேர் வெட்ட நல்ல காலம் ஆடியும் ஆவணியும். கோடை தணிந்திருக்கும், மாலையில் ஒரு தூறல் விழும், சூடும் விட்டிருக்காது. விதைப்புக்கு ஆடிப் பட்டத்தை நம் பெரியவர்கள் தேர்ந்த அதே காரணம் இங்கேயும் செல்லும். இளம் மரத்துக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, முதிர்ந்ததற்கு மூன்று நான்கு ஆண்டுக்கு ஒரு முறை போதும். மண்ணை உதிர்த்து, சுற்றிச் சுருண்ட வேர்களைச் சீவி, அடியில் தடித்து இறங்குவதை வெட்டி, பரவும் வேரை விட்டுவிட வேண்டும். சட்டியின் துளைவழியே கம்பி கோத்து மரத்தை அசையாமல் கட்டுங்கள். காற்றில் மரம் ஆடினால் புதிய வேர்நுனி அறுந்துகொண்டே இருக்கும்.

வெட்டினால் பால் வடியும். ஆலில் தாரையாகவே வடியும். பயப்பட வேண்டாம், பச்சைத் தண்ணீரைத் தெளித்தால் சில நிமிடத்தில் நிற்கும். பலாப்பழம் அரியும்போது செய்வதுபோல் கையிலும் கத்திரியிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். சட்டையில் பட்டால் கறை போகாது, சிலருக்குத் தோல் அரிக்கும். சீமை அத்தியின் பால் பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமே வரும்.

கம்பி கட்டுவதிலும் வேகம் வேறு. ஜூனிப்பரில் கம்பி ஒரு வருடம் கூட இருக்கலாம். ஆலினத்தில், வளரும் பருவத்தில், அலுமினியக் கம்பி ஆறேழு வாரத்தில் பட்டையைக் கடிக்கத் தொடங்கிவிடும். ஊருக்குப் போய்விட்டு மறந்தால் திருகாணித் தழும்பு. ஞாயிறுதோறும் ஒரு சுற்றுப் பார்வை வேண்டும். கம்பியே இல்லாமல், வளர விட்டு, வெட்டி, மறுபடி வளர விட்டு உருவாக்கும் முறை சீனாவின் தென்பகுதியான லிங்னானில் வளர்ந்தது. ஆலினத்துக்கு அது பொருந்துவதுபோல் வேறெதுவும் பொருந்தவில்லை. கணுவுக்குக் கணு திசை மாறி, முழங்கை மடிந்ததுபோல ஒரு கிளை வரும். கம்பியால் அந்த இயல்பைக் கொண்டுவர முடியாது.

இலை முழுவதையும் கிள்ளி எடுப்பது கேட்பவரைத் திடுக்கிட வைக்கும். தெம்பாக உள்ள மரத்தில், பங்குனியிலோ ஆடியிலோ, காம்பை விட்டு இலையை மட்டும் கத்தரித்தால் இரண்டு மூன்று வாரத்தில் புதிய இலை சிறியதாக வரும். நுண்கிளையும் பெருகும். வருடத்துக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம். நோயில் இருக்கும் மரத்திலும், வேர் வெட்டிய வருடத்திலும் அறவே கூடாது. இலை எடுத்த மரம் குறைவாகவே நீர் குடிக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

உரத்துக்குப் பெரிய சூத்திரம் இல்லை. கடலைப் புண்ணாக்கும் வேப்பம் புண்ணாக்கும் சமமாக, ஊறவைத்துத் தெளிந்த நீர், வளரும் மாதங்களில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை. "பட்டினி போட்டால்தான் சிறுக்கும்" என்பது தவறான எண்ணம். மரத்தைச் சிறிதாக்குவது கத்திரி. பட்டினி அதை நோயாளியாக்கும்.

பூச்சியில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இச்சியின் புதிய இலை நடுநரம்பில் மடிந்து பொட்டலம்போல் மூடிக்கொண்டால், பிரித்துப் பாருங்கள்: உள்ளே கறுப்பாக மயிரிழை கனத்தில் இலைப்பேன்கள் ஓடும். மேலே தெளிக்கும் மருந்து பொட்டலத்துக்குள் போகாது. மடிந்த இலைகளைக் கிள்ளி மூட்டை கட்டி அப்புறப்படுத்திவிட்டு, புதிய தளிர் வரும்போது வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிப்பதே பலன் தரும். மாவுப்பூச்சியையும் செதில் பூச்சியையும் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவலாம்.

உருவத்துக்கு வருவோம். நிமிர்ந்தது, வளைந்தது, சாய்ந்தது, தொங்குவது என்று நூல்கள் சொல்லும் வடிவங்கள் பெரும்பாலும் மலைச்சரிவில் பனியும் காற்றும் செதுக்கிய ஊசியிலை மரங்களிலிருந்து எடுத்தவை. அடியில் தடித்து நுனியில் கூம்பும் ஒற்றைத் தண்டு, கீழ்நோக்கித் தாழும் கிளை, முக்கோண முடி. அதே அச்சில் ஆலை வார்த்தால் அது பைன் வேஷம் கட்டிய ஆல். ஆலமரம் அப்படியா இருக்கிறது? கொல்கத்தாவை ஒட்டிய சிப்பூர் தாவரவியல் பூங்காவின் பேராலின் அடிமரத்தை நோய் காரணமாக 1925இலேயே வெட்டி எடுத்துவிட்டார்கள்; 3,000க்கு மேற்பட்ட விழுதுகளின்மேல் அது இன்றும் பரவிக்கொண்டிருக்கிறது. அடையாறு பிரம்மஞான சபை ஆலின் மூலத்தண்டு 1989 புயல்காற்றில் சாய்ந்தது, விழுதுகள் நின்றன. நடுத்தண்டு போனாலும் மரம் இருக்கிறது என்பதுதான் ஆலின் வடிவ இலக்கணம். ஊர்ச் சாவடியின் நிழலையும் அகலத்தையும் ஒரு தட்டில் கொண்டுவருவதுதான் நம் சவால். தென்னாப்பிரிக்காவின் சார்ல்ஸ் செரோனியோ தங்கள் புல்வெளி மரங்களையும் காட்டு அத்தியையும் பார்த்துத் தனி வடிவங்களை வகுத்து எழுதினார். அந்தத் துணிவு நமக்கும் வேண்டும். ஜப்பானிய ஆசான்களை மதிப்பவர் செய்ய வேண்டியதும் அதுதான். அவர்கள் தங்கள் மலையைப் பார்த்து வரைந்தார்கள், நாம் நம் ஏரிக்கரையைப் பார்த்து வரைய வேண்டும்.

விழுதை வரவழைப்பது காற்றின் ஈரத்தைப் பொறுத்தது. கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் தானாக வரும். மதுரை, சேலம் போன்ற வறண்ட இடங்களில் கிளையின் அடியில் சிறு கீறல் போட்டு, பாசியை நனைத்துச் சுற்றி, பக்கவாட்டில் பிளந்த உறிஞ்சுகுழலை அதற்குக் கீழே மண்வரை நிறுத்தி, அதற்குள்ளும் ஈரப் பாசியை நிரப்பலாம். வேர் குழலுக்குள் இறங்கும். மண்ணைத் தொடும்வரை அது நூல்தான். தொட்ட பிறகு நடப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? தளர்ந்து தொங்கிய இழை சில வாரங்களில் வீணைத் தந்திபோல் விறைக்கும். உள்ளே உருவாகும் ஒருவகை மரநார் சுருங்கி இழுப்பதால் அப்படி. பிறகுதான் பருக்கத் தொடங்கும். எல்லா விழுதையும் வைத்துக்கொள்ள வேண்டாம். கிளைக்கு உண்மையில் தூணாக நிற்கும் இடத்தில் நாலைந்து போதும், மிச்சத்தை வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் மரம் வேலிக்குப் பின்னால் நிற்பதுபோல் தெரியும்.

இலை சிறுக்கும், பழம் அந்த அளவுக்குச் சிறுக்காது. ஒன்றரை அடி ஆலில் கோலிக்குண்டு அளவில் சிவந்த பழம் இரண்டிரண்டாக ஒட்டியிருப்பது பார்க்க வேடிக்கை. அத்தி பூத்தாற்போல என்கிறோம். பூ இல்லாமலில்லை, காயின் உட்சுவரில் நூற்றுக்கணக்கில் பூத்திருக்கிறது. அதனுள் நுழைய வல்லது அந்தந்த இனத்துக்கென்றே உள்ள மில்லிமீட்டர் அளவுக் குளவி. ஃபுளோரிடாவில் அழகுக்கு நட்ட இச்சி, அதன் குளவி வந்து சேரும்வரை முளைக்கும் விதை தரவில்லை. வந்த பிறகு அங்கேயும் கட்டிடச் சுவர்களில் முளைக்க ஆரம்பித்தது.

மீதி இருப்பவை இரண்டு ஆட்சேபங்கள். வீட்டில் ஆலும் அரசும் வைக்கக் கூடாது, குறுகிய மரம் குடும்பத்தின் வளர்ச்சியைக் குறுக்கும் என்பது ஒன்று. முதல் பாதிக்கு நியாயம் உண்டு: அஸ்திவாரத்தைப் பிளக்கும் வேரை வீட்டருகே வைக்காதே என்று அனுபவம் சொன்னது. சட்டிக்குள் இருக்கும் வேரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை நாமே வெட்டுகிறோம். அந்தப் பயம் இங்கே பொருந்தாது. சட்டியைத் தரைமேல் நேராக வைக்காமல் பலகைமேல் வையுங்கள், அவ்வளவுதான். இரண்டாம் பாதிக்கு என்னிடம் மறுப்பு எதுவும் இல்லை. மனம் ஒப்பாதவர்கள் வளர்க்க வேண்டாம்.

மற்றது, மரத்தைக் கொடுமைப்படுத்துகிறோம் என்பது. இதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. போன்சாய் மரம் பிறவியில் குள்ளம் அல்ல, தரையில் நட்டால் அடுத்த வருடமே ஆளுயரம் போகும். ஆகவே நாம் அதைத் தடுத்துத்தான் வைத்திருக்கிறோம். அதற்கு ஈடாகத் தினமும் தண்ணீர், வெயில், மருந்து, மண் எல்லாம் கொடுக்கிறோம். அது போதுமா என்று மரத்தைக் கேட்க முடியாது. ஆனால் சுவர்க் கன்றுக்கு மாற்று வழி என்ன என்பது எனக்குத் தெரியும்: கொத்தனாரின் உளி, அல்லது வேரில் ஊற்றும் அமிலம். கோயில் கோபுரங்களிலும் பழைய கட்டிடங்களிலும் முளைப்பதை எப்படியும் எடுத்தே ஆக வேண்டும். ஆகவே என் கட்டுப்பாடு ஒன்றே ஒன்று. காட்டிலிருந்தும் ஏரிக்கரையிலிருந்தும் எடுப்பதில்லை. சுவரிலிருந்து, அங்கே பொறுப்பில் இருப்பவர் அனுமதியோடு எடுக்கலாம். வேரில் பாதி செங்கல்லுக்குள்ளேயே அறுந்து போனாலும் பரவாயில்லை. இலையை எடுத்துவிட்டு, ஈரச் சாக்கில் சுற்றி வந்து, நிழலில் மணலில் நட்டு, மேலே ஒரு பாலித்தீன் பையைக் கவிழ்த்து மூடினால் இருபது நாளில் தளிர் விடும்.

கைப்பிடிச் சுவரிலிருந்து வந்த அந்த ஆல் இப்போது இரண்டு அடி. நாடாபோல் தட்டையாயிருந்த வேரை ஒரு கருங்கல்லின்மேல் போர்த்திக் கட்டியிருந்தேன். கல்லை இறுகப் பிடித்துக்கொண்டு விட்டது. சென்ற ஐப்பசியில் இடதுபுறக் கிளையிலிருந்து முதல் விழுது இறங்கியது. நுனி வெண்மஞ்சளாக, ஈர்க்குச்சியைவிட மெல்லியதாக. மண்ணுக்கு இன்னும் நான்கு விரற்கடை இருக்கும்போது மழை நின்று பனிக்காற்று வந்து, நுனி காய்ந்துவிட்டது. காய்ந்த இடத்துக்கு மேலே, பட்டையில் மூன்று புள்ளிகள் புடைத்திருக்கின்றன. குழலும் பாசியும் எடுத்து வைத்திருக்கிறேன்.